446 பைட்டுக்கு ஒரு குடுமிப்பிடி சண்டை

2006. நாக்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிது. வீட்டுப் பொட்டியில் இரண்டு இயங்குதளங்கள், அதில் ஒன்று லினக்ஸ். ஒரு ஞாயிற்றுக்கிழமை, சும்மா இருக்காமல், மற்றதை மட்டும் திரும்ப நிறுவினேன். ஆன் செய்தால், "எது வேண்டும்?" என்று கேட்கும் பட்டியலையே காணோம்! லினக்ஸ் பக்கம்தான் அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணப் படங்கள். வேறு பிரதி கிடையாது. கடைக்காரர் சொன்ன வைத்தியம், "ஃபார்மேட் பண்ணிடலாம் சார்".

நல்லவேளை, பண்ணவில்லை. ஏன் பண்ணத் தேவையில்லை என்பதற்கு ஒரு சின்ன சரித்திரம் இருக்கிறது.

1983இல் ஐபிஎம்மின் பிசி எக்ஸ்டி 10 எம்பி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தது. கூடவே பிசி டாஸ் 2.0. டிஸ்க்கைப் பாகம் பிரிக்கும் ஏற்பாடு அப்போது வந்ததுதான். டிஸ்க்கின் முதல் செக்டர் 512 பைட். அதில் 446 பைட் துவக்க நிரலுக்கு, 64 பைட் பாகங்களின் அட்டவணைக்கு, கடைசி 2 பைட் அடையாள முத்திரைக்கு. பொட்டி உயிர் பெற்றதும் பயாஸ் இந்த செக்டரைப் படித்து, அதனிடம் பொறுப்பை ஒப்படைத்துவிடும். நாற்காலி ஒன்றுதான். கடைசியாக வந்தவர் முன்னவரை எழுப்பிவிட்டு உட்கார்ந்துகொள்வார். என் வீட்டில் நடந்ததும் அதுவே.

1992இல் வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லைலோவை எழுதினார். அதற்கு ஃபைல் சிஸ்டம் எல்லாம் புரியாது. லினக்ஸ் கெர்னல் டிஸ்க்கில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று குறித்து வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். கெர்னலை மாற்றிவிட்டு லைலோவை மறுபடி ஓட்ட மறந்தால் போச்சு. திரையில் அதன் பெயரின் ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாக வரும். எத்தனை எழுத்தோடு நின்றதோ, அதை வைத்துக் கோளாறு எந்தக் கட்டத்தில் என்று ஊகிக்க வேண்டும்!

1995இல் எரிக் போலின், குனு ஹர்டைத் துவக்குவதற்காக க்ரப்பை எழுதினார். 1999இல் அது குனுவின் அதிகாரப்பூர்வத் தொகுப்பானது. முதல் செக்டரில் ஒரு துண்டு, மீதி வேறு இடத்தில் என்பது அதன் உத்தி. ஃபைல் சிஸ்டத்தைத் தானே படிக்கும், கெர்னலைப் பெயர் சொல்லித் தேடும். நான் செய்ததெல்லாம் லைவ் சிடியில் துவக்கி, லினக்ஸ் இருக்கும் பாகத்தைக் காட்டி, க்ரப்பைப் பழைய நாற்காலியில் திரும்ப உட்கார வைத்ததுதான். படங்கள் அப்படியே இருந்தன.

2009இல் உபுண்டு 9.10 க்ரப் 2க்கு மாறியது. பழையதில் பாகங்களின் எண்ணிக்கை 0இல் தொடங்கும், புதியதில் 1இல். பழக்க தோஷத்தில் பக்கத்துப் பாகத்தைக் காட்டிவிட்டு முழித்தவர்கள் உண்டு.

யூஇஎஃப்ஐ மன்றம் 2005இல் அமைந்தது. இந்த முறையில் துவக்கத்துக்கென்றே தனிப் பாகம், அதில் ஆளுக்கொரு ஃபோல்டர். யார் முதலில் என்ற வரிசை மதர்போர்டின் நினைவில். பட்டியல் காணாமல் போனால் பல சமயம் அந்த வரிசையை மாற்றினாலே போதும். 2021இல் வந்த க்ரப் 2.06, பாதுகாப்பு கருதி, மற்ற இயங்குதளங்களைத் தேடுவதை நிறுத்தியே வைத்திருக்கிறது. அமைப்புக் கோப்பில் அந்த ஒரு வரியைத் திருத்தி, பட்டியலைப் புதுப்பித்தால் சரியாகிவிடும்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், கிழிந்தது இன்டெக்ஸ் பக்கம்தான். லெட்ஜர் பத்திரமாக இருக்கிறது. ஒரே ஒரு எச்சரிக்கை. பழைய முறை டிஸ்க்கில் முதல் செக்டரை அழிக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால், 446 பைட்டோடு நிறுத்துங்கள். 512ஐயும் அழித்தால் பாகங்களின் அட்டவணையும் சேர்ந்து போய்விடும்.

அடுத்த முறை யாராவது "ஃபார்மேட்" என்றால், ஒரு நாள் அவகாசம் கேளுங்கள். உள்ளே இருப்பது ஊரிலிருந்து கொண்டுவந்த உங்கள் குடும்பமாக இருக்கலாம்.