ஊற்றுவாயிலேயே அடைக்கப்பட்ட தீங்கு: மாண்ட்ரியல் உடன்படிக்கையின் வரலாறு

எங்கள் மதரஸாவின் நூலக அறையில் பல்லாண்டுகள் உழைத்த பழைய ஏசியைக் கழற்றுவதற்காகச் சென்ற கோடையில் மெக்கானிக் ஒருவர் வந்திருந்தார். அவர் செம்புக் குழாயைத் துண்டித்ததும், ‘உஸ்’ என்ற ஓசையுடன் உள்ளிருந்த வாயு முழுவதும் வெளியேறிவிட்டது. அருகில் நின்ற மாணவர் ஒருவர், “உஸ்தாத், அது எங்கே போகிறது?” என்று கேட்டார். “காற்றோடு காற்றாய்க் கலந்துவிடும்” என்று சொல்லி அவரை அனுப்பிவிட்டோம். பின்னர் நூல்களைப் புரட்டியபோதுதான், அந்தச் சிறு கேள்விக்குப் பின்னால் ஏறத்தாழ நூறாண்டு வரலாறு இருப்பதை அறிந்தோம். புவியின் வெப்பத்தைக் கூட்டும் வாயுக்களை அவை பிறக்கும் இடத்திலேயே தடுக்க மனித சமுதாயத்தால் இயலுமா என்று ஐயுறுவோர் அறிய வேண்டிய வரலாறு இது.

நன்மையாகப் பிறந்த பொருள்

1920களில் அமெரிக்க வீடுகளில் புகுந்த குளிர்பதனப் பெட்டிகளில் அமோனியா, கந்தக டை ஆக்சைடு, மெத்தில் குளோரைடு ஆகியவையே நிரப்பப்பட்டிருந்தன. குழாயில் கசிவு ஏற்பட்டால் உறங்கிக்கொண்டிருந்தவர்கள் உயிரிழக்கும் அபாயம் இருந்தது. இந்நிலையில் 1928ஆம் ஆண்டு தாமஸ் மிட்ஜ்லி என்னும் வேதியியலாளரும் அவருடைய குழுவினரும் குளோரோ புளோரோ கார்பன் என்னும் சேர்மங்களைக் குளிர்பதனத்திற்குத் தேர்ந்தெடுத்தனர். அவை நச்சுத்தன்மை அற்றவை, தீப்பற்றாதவை, எதனுடனும் எளிதில் வினைபுரியாதவை. ஆகவே மக்கள் அவற்றை வரவேற்றதில் வியப்பில்லை. சில பத்தாண்டுகளுக்குள் குளிர்பதனப் பெட்டி, ஏசி, வாசனைத் திரவியத் தெளிப்பான், மெத்தைக்கான நுரைப்பஞ்சு, மின்னணுப் பாகங்களைத் துடைக்கும் கரைப்பான், ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலர் எனப் பொருளாதாரத்தின் பல துறைகளிலும் அவை பரவின.

எளிதில் அழியாமை என்னும் அதே சிறப்புத்தான் பின்னர் தீங்காக மாறியது. 1971ஆம் ஆண்டு ஜேம்ஸ் லவ்லாக் என்னும் ஆங்கிலேய அறிஞர், தாம் உருவாக்கிய நுண்கருவியுடன் அண்டார்டிக்கா நோக்கிக் கப்பலில் சென்று, நடுக்கடற்காற்றிலும் அவ்வாயு இருப்பதைக் கண்டறிந்தார். அதனால் தீங்கு எதுவும் இல்லை என்றே அப்போது அவரும் கருதினார். 1974இல் கலிபோர்னியாவில் மரியோ மொலினா, ஷெர்வுட் ரோலண்ட் ஆகிய இருவரும் அதன் முடிவு யாது என்று ஆராய்ந்தனர். மேல் வளிமண்டலத்தை அடையும் அச்சேர்மம் புறஊதாக் கதிரால் உடைகிறது. அதிலிருந்து பிரியும் குளோரின், நம்மைக் காக்கும் ஓசோனைச் சிதைக்கிறது என்பதை அவர்கள் நிறுவினர்.

மறுஆண்டே மற்றோர் உண்மையும் வெளிப்பட்டது. அதனைக் கண்டறிந்தவர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்ற வீரபத்திரன் ராமநாதன் ஆவார். இளமையில் செகந்திராபாத்தில் குளிர்பதனப் பெட்டி நிறுவனம் ஒன்றில், வாயு ஏன் கசிகிறது என்று ஆராயும் பணியில் இருந்தவர் அவர். வெப்பத்தைப் பிடித்துவைப்பதில் அச்சேர்மத்தின் ஒரு மூலக்கூறு, கரியமில வாயுவின் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட மூலக்கூறுகளுக்கு ஈடாகும் என்பதை 1975இல் அவர் உலகிற்கு அறிவித்தார். ஒரே பொருள், ஓசோனுக்கும் புவியின் வெப்பநிலைக்கும் ஒருசேரப் பகையாயிற்று.

வாசலை அடைத்தல்

காற்றில் கலந்துவிட்ட வாயுவைத் திரும்பத் திரட்ட இயலாது. தயாரிப்பை நிறுத்துவதே வழி. தீங்கிற்கு இட்டுச்செல்லும் பாதையையே அடைப்பதை நம் சட்ட அறிஞர்கள் ‘சத்துத் தராஇஃ’ என்பர். அதன் எல்லை குறித்து மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அதன் பொருளை விளக்க இவ்வரலாற்றினும் பொருத்தமான உவமை நமக்குக் கிட்டவில்லை.

ஆனால் தயாரிப்பு நிறுவனங்கள் எளிதில் இணங்கவில்லை. சான்று போதாது என்றன. 1985 மே மாதம் ஜோசப் ஃபார்மன் உள்ளிட்ட மூன்று ஆங்கிலேய அறிஞர்கள், அண்டார்டிக்காவின் மேல் வசந்த காலத்தில் ஓசோன் பெருமளவு குறைந்துபோவதை அளவீடுகளுடன் வெளியிட்டபோது உலகம் திடுக்கிட்டது.

நாடுகளை ஒன்றுகூட்டும் பொறுப்பு அப்போது எகிப்து நாட்டவரான முஸ்தஃபா கமால் தோல்பாவிடம் இருந்தது. நுண்ணுயிரியல் பேராசிரியரான அவர், நைரோபியில் தலைமையகம் கொண்ட ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தை 1992 வரை வழிநடத்தியவர். பொது அவையில் முட்டிக்கொண்ட நாடுகளின் தூதர்களைச் சிறு குழுக்களாகத் தனியே அமர்த்திப் பேசி, இணக்கத்தை உருவாக்குவது அவருடைய முறை. 1987 செப்டம்பர் 16 அன்று மாண்ட்ரியல் நகரில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. முதலில் முடிவானது, தயாரிப்பையும் பயன்பாட்டையும் பாதியாகக் குறைப்பது மட்டுமே. ஆயினும் அறிவு வளர வளர விதிகளை இறுக்கிக்கொள்ளும் ஏற்பாடு அதனுள்ளேயே இருந்தது. 1990இல் லண்டனிலும் 1992இல் கோபன்ஹேகனிலும் விதிகள் இறுக்கப்பட்டன. இறுதியில், வளர்ந்த நாடுகள் 1996க்குள்ளும் வளரும் நாடுகள் 2010க்குள்ளும் முற்றாக நிறுத்துவது என்றாயிற்று. மாற்று மருந்துக் கருவி வரும்வரை ஆஸ்துமா நோயாளிகளின் இன்ஹேலருக்கு விலக்கும் அளிக்கப்பட்டது.

நீதியின்றி இணக்கம் இல்லை

இவ்வரலாற்றில் நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. அவ்வாயுவின் பெரும்பகுதியைக் காற்றில் கலந்தவை செல்வந்த நாடுகளே. அவற்றின் இல்லங்கள்தோறும் குளிர்பதனப் பெட்டி வந்தபின்னர், இந்தியாவையும் சீனாவையும் நோக்கி ‘நீங்கள் நிறுத்துங்கள்’ என்று சொல்வது எவ்வகையில் நீதி? ஆளொன்றுக்கு ஆண்டிற்கு 0.3 கிலோவுக்கும் குறைவாகப் பயன்படுத்திய வளரும் நாடுகளுக்குப் பத்தாண்டு அவகாசம் தரப்பட்டபோதிலும், இவ்விரு நாடுகளும் தொடக்கத்தில் சேராமல் விலகியே நின்றன. மாற்றுத் தொழில்நுட்பமும் அதற்கான செலவும் எங்கிருந்து வரும் என்பதே அவற்றின் கேள்வி.

1990 லண்டன் கூட்டத்தில் அதற்கு விடை கிடைத்தது. செல்வந்த நாடுகள் பணம் செலுத்தும் பலதரப்பு நிதியம் உருவாயிற்று. முதல் மூன்றாண்டுகளுக்கு 16 கோடி டாலர். இந்தியாவும் சீனாவும் இணைந்தால் மேலும் 8 கோடி டாலர். 1991இல் சீனாவும் 1992இல் இந்தியாவும் இணைந்தன. அவ்வாயுவைத் தயாரித்த இந்தியத் தொழிற்சாலைகளுள் ஒன்று நமது மேட்டூரில் இருந்தது. தயாரிப்பை நிறுத்துவதற்காக இந்தியாவுக்கு 8.2 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. இன்ஹேலர் தேவை நீங்கலாக, 2008 ஆகஸ்டு மாதமே, அதாவது கெடுவுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே, இந்தியா தயாரிப்பை நிறுத்தியது. இன்று இவ்வுடன்படிக்கையில் உலக நாடுகள் அனைத்தும் இணைந்துள்ளன.

விளைவு யாது? பிற பகுதிகளில் 2040 அளவிலும், அண்டார்டிக்காவின் மேல் 2066 அளவிலும் ஓசோன் 1980ஆம் ஆண்டு நிலைக்குத் திரும்பும் என்று அறிஞர்கள் மதிப்பிடுகின்றனர். புவி வெப்பத்தைப் பொறுத்தவரை, கியோட்டோ ஒப்பந்தத்தின் முதற்கட்ட இலக்கைப்போல் ஐந்தாறு மடங்கு பயனை மாண்ட்ரியல் உடன்படிக்கை அளிக்கும் என்று 2007இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது.

எனினும் விழிப்பு தளர இடமில்லை. மாற்றாக வந்த ஹைட்ரோ புளோரோ கார்பன்கள் ஓசோனைத் தாக்காவிடினும் வெப்பத்தைக் கூட்டுபவை. ஆகவே 2016 அக்டோபரில் ருவாண்டாவின் கிகாலி நகரில் அவற்றையும் படிப்படியாகக் குறைக்க நாடுகள் இசைந்தன. இந்தியா 2021இல் அதனை ஏற்றது. 2047க்குள் 85 விழுக்காடு குறைக்க வேண்டும். 2018இல், தடைசெய்யப்பட்ட பழைய வாயு எங்கோ மீண்டும் கசிவதை வளிமண்டல அளவீடுகள் காட்டிக்கொடுத்தன. அதன் பெரும்பகுதி கிழக்குச் சீனாவிலிருந்து வருவது அடுத்த ஆண்டு உறுதியாயிற்று. பின்னர் அது வெகுவாகக் குறைந்தது.

நிலக்கரிக்கும் இப்பாடம் பொருந்துமா?

கரியமில வாயுவின் நிலை இதனினும் கடினமானது. குளோரோ புளோரோ கார்பனைச் சில நிறுவனங்களே தயாரித்தன. கரியமில வாயுவோ மின்நிலையம், உருக்காலை, சிமெண்ட் ஆலை, பேருந்து, அடுப்பு என எங்கும் பிறக்கிறது. ஆயினும் ஊற்றை அடைப்பது இங்கும் நிகழவே செய்கிறது. 1882இல் லண்டனில் பொதுப் பயனுக்கான நிலக்கரி மின்நிலையத்தைத் தொடங்கிய பிரிட்டன், தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடியது. புதைபடிவ எரிபொருளிலிருந்து விலகிச் செல்வது என்னும் சொல் ஐ.நா. காலநிலை மாநாட்டு முடிவில் முதன்முதலாக இடம்பெற்றது 2023இல், துபாய் நகரில்தான்.

குறைவது நீதியின் பங்கே. 2020 முதல் ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் தருவதாக 2009இல் வாக்களித்த செல்வந்த நாடுகள், அவ்வளவை எட்டியது 2022இல்தான். லண்டனில் அளித்த வாக்கு காக்கப்பட்டதால் மேட்டூரில் தயாரிப்பு நின்றது. வாக்குத் தவறும் இடத்தில், ஏழை நாட்டின் நிலக்கரிச் சுரங்கத்தை மூடச் சொல்லும் தகுதியும் தளர்ந்துவிடுகிறது.

அந்த மாணவருக்கு நாம் அன்று சொல்லாத விடை இதுதான். நூலக ஏசியில் இருந்தது ஆர்-22 என்னும் வாயு. அதில் ஒரு கிலோ, 750 லிட்டருக்கும் மேற்பட்ட பெட்ரோலை எரிப்பதால் எழும் வெப்பப் பாதிப்புக்கு ஈடாகும். அன்று அது முழுவதையும் நாம் வேடிக்கை பார்த்தவாறே காற்றில் விட்டுவிட்டோம். அடுத்த வாரம் பள்ளிவாசலின் பழைய ஏசியைக் கழற்ற அதே மெக்கானிக் வந்தபோது, வாயுவைச் சிலிண்டரில் மீட்டெடுக்கும் கருவியைக் கொண்டுவரச் சொன்னோம். கூடுதல் கட்டணம் கேட்டார். நிர்வாகிகள் சற்றுத் தயங்கிப் பின் இசைந்தனர். செம்புக் குழாயைத் துண்டித்தபோது ‘உஸ்’ என்ற ஓசை எழவில்லை. கேள்வி கேட்ட மாணவரையும் அழைத்துச் சென்று காட்டினோம்.