விக்கிப்பீடியாவின் தானியங்கித் தரக் கருவிகள்: தொகுப்பாளர் பார்வை பற்றிய ஆய்வுகள்

விக்கிப்பீடியாவில் நிகழும் தொகுப்புகளைக் கணினி நிரல்கள் ஆராய்ந்து, கெடுதலானவை எனத் தோன்றுவனவற்றைக் குறியிடுகின்றன. சிலவற்றைத் தாமே நீக்கிவிடுகின்றன. ஊதியமின்றி அங்கு எழுதியும் திருத்தியும் வரும் தொகுப்பாளர்கள் இந்நிரல்களை எவ்வாறு மதிப்பிடுகிறார்கள் என்பது, 2010 முதல் மனித–கணினி ஊடாட்டத் துறையில் தொடர்ந்து ஆராயப்பட்டு வருகிறது. நிரலின் துல்லியம் மட்டுமே தொகுப்பாளர்களின் அளவுகோல் அன்று. இறுதி முடிவு யாரிடம் இருக்கிறது, பிழை நேர்ந்தால் பாதிக்கப்படுபவர் யார் என்பவற்றையும் அவர்கள் பார்க்கிறார்கள்.

கருவிகளின் வகைகள்

2001 சனவரியில் விக்கிப்பீடியா தொடங்கியபோது, 'அண்மைய மாற்றங்கள்' பக்கத்தைக் கண்ணால் பார்த்தே விசமத் தொகுப்புகள் நீக்கப்பட்டன. பயனர் எண்ணிக்கை பெருகியபின் அது இயலாமற்போனது. அதன்பின் வந்த கருவிகளை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை, மனிதத் தலையீடின்றித் தொகுப்புகளை மீளமைக்கும், அதாவது பக்கத்தை முந்தைய நிலைக்குத் திருப்பும், தானியங்கிகள். ஆங்கில விக்கிப்பீடியாவில் 2010 முதல் இயங்கும் குளூபாட் என்ஜி இதற்கு எடுத்துக்காட்டு. நல்ல தொகுப்பைத் தவறாக நீக்கும் விகிதத்துக்கு முதலில் ஓர் உச்சவரம்பு வைத்து, அதற்குள் அடங்கும் அளவுக்கே அது செயல்படுகிறது. இரண்டாம் வகை, ஐயத்துக்குரிய தொகுப்புகளை வரிசைப்படுத்தி, புதிய மாற்றங்களைக் கண்காணிக்கும் தொகுப்பாளரான சுற்றுக்காவலரின் முன் வைக்கும் ஹக்கிள், ஸ்டிக்கி போன்ற கருவிகள். மூன்றாம் வகை, சேமிக்கும் வேளையிலேயே எச்சரிக்கும் அல்லது தடுக்கும் வடிகட்டிகள்.

2015 நவம்பரில், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளை அறிவித்த ஓரெஸ் இவற்றிலிருந்து வேறுபட்டது. அது தானாக எதையும் நீக்கவில்லை. இயந்திரக் கற்றல் மூலம் மதிப்பெண் மட்டுமே தந்தது. ஒரு தொகுப்பு கெடுதலானதா, நல்லெண்ணத்துடன் செய்யப்பட்டதா என்ற இரு கேள்விகளையும் அது தனித்தனியே கணித்தது. விதி தெரியாமல் பிழை செய்த புதியவரையும் வேண்டுமென்றே கெடுப்பவரையும் பிரித்தறிய இது வழிசெய்தது. மதிப்பெண்ணை வைத்து என்ன செய்வது என்பது பயன்படுத்துவோரின் பொறுப்பாக இருந்தது.

ஆய்வு முறைகள்

விக்கிப்பீடியாவில் ஒவ்வொரு மாற்றமும் வரலாற்றுப் பக்கத்தில் பதிவாவதால், யார் எதை எப்போது மீளமைத்தார் என்பதை எண்ணிக்கையாகவே ஆராயலாம். ஏன் அப்படிச் செய்தார் என்பதைப் பதிவேடு சொல்லாது. அதற்காக நேர்காணல், கருத்துக்கணிப்பு, பேச்சுப் பக்க உரையாடல்களின் பகுப்பாய்வு, ஆய்வாளரே தொகுப்பாளராகப் பங்கேற்றல் ஆகியவை கைக்கொள்ளப்படுகின்றன. இரு வகைச் சான்றுகளையும் இணைக்கும் ஆய்வுகளே கூடுதலாக விளக்குகின்றன.

முதன்மையான முடிவுகள்

ஸ்டுவர்ட் கைகரும் ஆரன் ஹாஃபேக்கரும் 2013இல் வெளியிட்ட ஆய்வு, குளூபாட் என்ஜி இயங்காமல் நின்ற நாள்களை எடுத்துக்கொண்டது. அந்நாள்களில் விசமத் தொகுப்புகளை நீக்கப் பிடித்த நேரம் ஏறத்தாழ இரு மடங்கானது. ஆயினும் பெரும்பாலானவை பின்னர் நீக்கப்பட்டன. தானியங்கி சுமையைக் குறைக்கிறது என்பதும், அது இல்லாதபோது மனிதர்கள் அச்சுமையை ஏற்கிறார்கள் என்பதும் இதனால் தெரியவந்தன.

ஹாஃபேக்கர் உள்ளிட்டோர் அதே ஆண்டில் வெளியிட்ட மற்றோர் ஆய்வு மறுபக்கத்தைக் காட்டியது. ஆங்கில விக்கிப்பீடியாவின் செயல்படும் தொகுப்பாளர் எண்ணிக்கை 2007இல் உச்சத்தைத் தொட்டுப் பின் சரிந்தது. நல்லெண்ணத்துடன் வந்த புதியவர்களின் தொகுப்புகளும் கருவிகளால் உடனுக்குடன் நீக்கப்பட்டதும், விதிகள் இறுகியதும் அவர்கள் நிலைக்காமல் போனதற்குக் காரணங்கள் என அது வாதிட்டது.

எஸ்டெல் ஸ்மித் உள்ளிட்டோரின் 2020ஆம் ஆண்டு ஆய்வு, ஓரெஸுடன் தொடர்புடைய பல தரப்பினரையும் நேர்கண்டு, அவர்களுக்குப் பொதுவான ஐந்து எதிர்பார்ப்புகளைத் தொகுத்தது: பராமரிப்பு உழைப்பு குறைய வேண்டும், மனிதத் தீர்ப்பே இறுதியாக இருக்க வேண்டும், வெவ்வேறு பயனர்களின் வேலைமுறைகளுக்குக் கருவி ஒத்துவர வேண்டும், பலதரப்பட்ட தொகுப்பாளர்களையும் அது ஊக்குவிக்க வேண்டும், மனிதர் மீதும் நிரல் மீதும் நம்பிக்கை நிலைக்க வேண்டும். இவை ஒன்றோடொன்று மோதுவதும் உண்டு. உழைப்பைக் குறைக்க முழுத் தானியக்கம் உதவும். ஆனால் மனிதத் தீர்ப்பின் இடத்தை அது குறுக்கிவிடும்.

பிழையும் சார்பும்

நிரலின் பிழைகளைத் தொகுப்பாளர்களே கண்டறிந்த நிகழ்வுகள் பல. இத்தாலிய விக்கிப்பீடியர்கள் ஓரெஸ் தவறாகக் குறியிட்டவற்றைத் தனிப் பக்கத்தில் தொகுத்தபோது, 'ஹா' என்ற எழுத்துக்கோவை சிரிப்பொலியாகக் கொள்ளப்பட்டது வெளிப்பட்டது. இத்தாலியத்தில் 'ha' என எழுதப்படுவது அன்றாட வினைச்சொல். அதன்பின் ஓரெஸின் சொற்பட்டியல் திருத்தப்பட்டது. எசுப்பானிய விக்கிப்பீடியாவில் ஓரெஸ் மதிப்பெண்ணைக் கொண்டு தானே மீளமைத்த பட்ருபாட், நல்ல தொகுப்புகளையும் நீக்குவதாக முறையீடுகள் எழுந்தபின் சமூகத்தின் முடிவால் நிறுத்தப்பட்டது.

கணக்கு தொடங்காதவர்களுக்கு எதிரான சார்பும் ஆராயப்பட்டது. ஓரெஸ் அவர்களின் தொகுப்புகளை அளவுக்கு மீறி ஐயுற்றது உண்மை. ஆனால் சுற்றுக்காவலர்கள் கருவி இல்லாமலேயே அவர்களை ஐயுற்று வந்தனர். ஓரெஸின் குறியிடல் வந்தபின் பதிவுசெய்த பயனர்களின் தொகுப்புகளும் கவனத்துக்கு வந்ததால், இரு தரப்பினருக்கும் இடையிலான ஏற்றத்தாழ்வு குறைந்ததென 2021இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது.

ஆய்வின் எல்லைகள்

நேர்காணலுக்கு முன்வருபவர்கள் பெரும்பாலும் அனுபவம் மிக்கவர்கள். முதல் தொகுப்பு நீக்கப்பட்டதும் விலகிச் சென்ற புதியவரின் கருத்தைப் பெறுவது அரிது. புனைபெயரில் இயங்குவோரின் பொதுப்பதிவுகளை மேற்கோள் காட்டினாலே அவர்கள் அடையாளம் காணப்படலாம். விக்கிப்பீடியா ஓர் ஆய்வுக்கூடம் அன்று என்பது ஆங்கில விக்கிப்பீடியாவின் கொள்கைகளுள் ஒன்று. ஆகவே கட்டுரைகளில் வேண்டுமென்றே பிழை சேர்த்துச் சோதிப்பது ஏற்கப்படுவதில்லை. ஆய்வுத் திட்டத்தை, விக்கித் திட்டங்களின் பொது ஒருங்கிணைப்புத் தளமான மெட்டா-விக்கியில் முன்கூட்டியே அறிவித்துச் சமூகத்தின் கருத்தைப் பெறுவது நல்ல வழக்கமாகக் கருதப்படுகிறது.

அண்மைய நிலை

ஓரெஸின் இடத்தை லிஃப்ட் விங் என்ற புதிய கட்டமைப்பு எடுத்துக்கொண்டது. பல மொழிகளுக்கும் பொதுவான மீளமைப்பு வாய்ப்புக் கணிப்புகள் அதில் இயங்குவதால், தனிக் கருவி உருவாக்க ஆள்பலம் இல்லாத சிறிய விக்கிகளாலும் அவற்றைப் பயன்படுத்த முடிகிறது. இக்கணிப்பைக் கொண்டு தானே மீளமைக்கும் ஆட்டோமாடரேட்டர் 2024இல் துருக்கிய விக்கிப்பீடியாவில் முதன்முதலாகப் பயன்பாட்டுக்கு வந்தது. அதை இயக்குவதா, எவ்வளவு கண்டிப்புடன் இயக்குவது என்பவற்றை அந்தந்த மொழிச் சமூகமே முடிவு செய்கிறது. தவறான மீளமைப்புகளைப் பயனர்கள் முறையிடவும் வழி உள்ளது.