இலண்டனில் பால்மரச் சுவடுகள்



இலண்டன் மாநகருக்குச் சுற்றுலா சென்று திரும்பியவரிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், விடை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். பிக் பென் மணிக்கூண்டு, அரண்மனை வாயிலில் காவலர் மாறும் காட்சி, தேம்ஸ் ஆற்றின் தூக்குப்பாலம், கோபுரக் கோட்டையில் கோகினூர் வைரம். நானும் முதன்முறை அவ்வாறே சென்று வந்தேன். கோகினூரைக் காண நெடுநேரம் வரிசையில் நின்று, நகரும் தளத்தில் ஏறி, சில நொடிகளில் அதனைக் கடந்தேன். அதில் குறையொன்றுமில்லை. ஆயினும், நெகிரி செம்பிலானில் பெடாஸ் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் வெட்டிய பாட்டியின் பேரன் அந்நகரில் காண வேண்டியவை இவ்வளவுதாமா என்ற வினா, வீடு திரும்பிய பின்னரே எழுந்தது. சில ஆண்டுகள் கழித்துக் குழுவோடு செல்லாமல் தனியே சென்றேன். இவ்வுரை அந்த இரண்டாம் பயணத்தைப் பற்றியது.

முதலிற் சென்ற இடம் நகரின் மேற்கே உள்ள கியூ தாவரவியற் பூங்கா. பூங்காவிற்கு வருவோர் 1840-களில் கட்டப்பட்ட பனை மாளிகை என்னும் கண்ணாடி மண்டபத்தைப் படமெடுத்துக்கொண்டு செல்கின்றனர். தோட்ட மக்களின் வரலாறு இப்பூங்காவில்தான் தொடங்கிற்று. 1876-ஆம் ஆண்டு சூன் மாதம், ஹென்றி விக்காம் என்னும் ஆங்கிலேயர் பிரேசில் நாட்டுத் தபாசோசு ஆற்றுப் பகுதியில் திரட்டிய ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இங்கு வந்து சேர்ந்தன. ரப்பர் விதை எண்ணெய்ச் சத்து மிக்கது, விரைவிற் கெட்டுவிடும். எனவே, விதைத்தவற்றுள் முளைத்தவை சுமார் 2,700 மட்டுமே. அக்கன்றுகளிற் பெரும்பகுதி கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேற்றப்பட்டது. மறு ஆண்டு 22 கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. அவற்றுள் ஒன்பது பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன.

அக்கன்றுகள் வந்த கையோடு மலாயா ரப்பர் நாடாகிவிட்டது என்று எண்ணுவோர் உளர். அது பிழை. அடுத்த இருபது ஆண்டுகள் காப்பி பயிரிட்டோர் அம்மரத்தைச் சட்டை செய்யவில்லை. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, சட்டைப்பையில் விதைகளோடு தோட்டக்காரர்களைத் தேடித்தேடி வற்புறுத்தியதால் பித்தர் என்னும் பட்டமே பெற்றார். மரத்தைக் காயப்படுத்தாமல், மெல்லிய பட்டையைச் சீவி நாள்தோறும் பாலெடுக்கும் முறையை வகுத்தவரும் அவரே. நம் பாட்டன் பாட்டியர் விடியற்காலை இருளில் தலைவிளக்கோடு செய்த அந்த வெட்டு, அவர்தம் சோதனைகளிற் பிறந்தது. அவர் நூறு வயது கடந்து 1956-இல் அதே கியூவில் மறைந்தார். 1896-இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்பார் வணிக நோக்கில் முதன்முதலாக ரப்பர் நட்டார். நெகிரி செம்பிலான் மலாக்காவிற்கு அண்டை மாநிலம். இப்பக்கம் காடுகள் தோட்டங்களாக நெடுங்காலம் ஆகவில்லை.

மரம் நட்டாயிற்று, வெட்டுவதற்கு ஆள் வேண்டும். சேலம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், ஆற்காட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிமார் அழைத்துவந்த கதையை நீங்கள் அறிவீர்கள்; அதனை ஈண்டு விரிக்கவில்லை.

நான் அடுத்துச் சென்ற இடம் மின்சிங் சந்து. கோபுரக் கோட்டையிலிருந்து பத்து நிமிட நடை. முதற்பயணத்தில் கோகினூர் வரிசையில் நின்றபோது அதற்கு எவ்வளவு அருகில் இருந்தேன் என்பதை எண்ணி வெட்கினேன். இடைக்காலத்தில் கன்னியர் மடத்திற்குரிய நிலமாக இருந்தமையால் அப்பெயர் வந்ததாம். பழைய ஆங்கிலத்தில் துறவுப் பெண்ணைக் குறிக்கும் சொல்லின் திரிபு அது. தேயிலை, நறுமணப் பொருள்கள், ரப்பர் ஆகியவற்றின் ஏலமும் வாணிகமும் இச்சந்தைச் சுற்றியே நடைபெற்றன. 'தோட்ட மாளிகை' எனப் பொருள்படும் பெயருடைய பெருங்கட்டடம் ஒன்றும் இங்கிருந்தது. அது இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் இப்போது கண்ணாடி அலுவலகக் கட்டடம் நிற்கிறது. நான் சென்றபோது புதுக்கட்டடத்தின் பெயரிலும் தோட்டம் என்னும் சொல் ஒட்டிக்கொண்டிருந்தது. வாயிலில் காப்பிக் கோப்பையோடு நின்ற இளைஞர் ஒருவரிடம் அப்பெயர் எதனால் வந்தது என்று கேட்டேன். செடிகள் ஏதேனும் வைத்திருப்பார்கள் என்றார்.

இச்சந்தின் விலைப்பலகைக்கும் பெடாஸ் லயத்து அடுப்புக்கும் இடையே இருந்த தொடர்பு நேரானது. 1910-இல் ஒரு பவுண்டு ரப்பர் இலண்டனில் பன்னிரண்டு ஷில்லிங்கைத் தாண்டி விற்றது. உந்து வண்டித் தொழில் பெருகிய காலம். மலாயாவின் பெயரில் தோட்டக் குழுமங்கள் இலண்டனில் அடுத்தடுத்துத் தோன்றின. தோட்டத்தைக் கண்ணாலும் கண்டிராதவர்கள் பங்கு வாங்கினர். பின்னர் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. 1932-இல் அதே ஒரு பவுண்டின் விலை இரண்டு பென்னிக்கும் கீழே விழுந்தது. ஷில்லிங் ஒன்றுக்குப் பன்னிரண்டு பென்னி. மாணவர்கள் கணக்கிட்டுப் பார்க்கலாம். எழுபதில் ஒரு பங்குகூட இல்லை.

விலை விழுந்தபோது அதன் பாரம் யார்மேல் இறங்கிற்று? பங்குதாரருக்கு ஈவுத்தொகை நின்றது, உண்மைதான். பிரட்டுக் களத்தில் நின்றவர்களுக்கோ, 1920-களின் இறுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என வகுக்கப்பட்டிருந்த கூலி படிப்படியாக வெட்டப்பட்டது. பெண்ணுக்கு அதனினும் குறைவு. வேலையற்றோர் பல்லாயிரவர் கப்பலேற்றித் தமிழகத்திற்குத் திருப்பியனுப்பப்பட்டனர். ஊரிலும் அவர்களுக்கு நிலமில்லை. சிலர் விலை ஏறியதும் மீண்டும் வந்தனர். கடல் ஓதம்போல் மக்களை ஏற்றி இறக்கிய அந்த விலைப்பலகை எங்கே தொங்கியது என்பதைக் காட்டும் கல்வெட்டு எதனையும் நான் அச்சந்தில் காணவில்லை.

விடுதலைக்கு முன்னும் பின்னும் இலண்டன் குழுமங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. அவை துண்டுதுண்டாகக் கைமாறியபோது தொழிலாளர் வேலையும் வீடும் ஒருசேர இழந்தனர். 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் முயற்சியில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது இந்நெருக்கடியில்தான். தொழிலாளர் சிறுகச் சேர்த்த பங்குப் பணத்தால் அச்சங்கம் வாங்கிய முதல் தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். பின்னர் 1981 செப்டம்பர் 7-ஆம் நாள் காலை, மலேசியாவின் தேசிய முதலீட்டு நிறுவனம் இலண்டன் பங்குச் சந்தையில் நான்கு மணி நேரத்திற்குள் கத்ரி நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகளைத் தன்வயமாக்கியது. மின்சிங் சந்தின் காலம் அன்றோடு முடிந்ததென்பர் சிலர். நாடு அளவில் அது சரி. ஆனால் தோட்டத்தின் உடைமை இலண்டனிலிருந்து கோலாலம்பூருக்கு மாறியபோது லயத்தில் இருந்தவர்க்கு என்ன மாறிற்று என்பது இன்னும் முழுமையாக எழுதப்படாத பகுதி. பின்னாளில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பல தோட்டங்கள் வீடமைப்புத் திடல்களாயின.

பயணத்தின் இறுதி இரு நாள்களும் மீண்டும் கியூவிலேயே கழிந்தன. கியூ தொடர்வண்டி நிலையத்தின் ஒருபுறம் தாவரவியற் பூங்கா. மறுபுறம் பிரித்தானிய தேசிய ஆவணக் காப்பகம். விதை முளைத்த ஊரிலேயே அதன் விளைவுகளைக் குறித்த தாள்களும் குவிந்துகிடக்கின்றன. குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் மலாயாக் கடிதங்கள் அங்குள்ளன. நகரின் நடுவே பிரித்தானிய நூலகத்தில் இந்திய அலுவலக ஆவணங்கள் உள்ளன. 1922-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்திற்குப் பின் மலாயாவில் அமர்த்தப்பட்ட இந்திய அரசின் முகவர் எழுதிய ஆண்டறிக்கைகளை அங்கே காணலாம். வெளிநாட்டாரும் அடையாளச் சான்று, முகவரிச் சான்று காட்டி வாசகர் அட்டை பெறலாம், கட்டணமில்லை.

அத்தாள்களைப் புரட்டியபோது ஒன்று விளங்கிற்று. கூலி, இறப்பு, மலேரியா, பள்ளிப் பிள்ளைகள் ஆகிய அனைத்திற்கும் எண்ணிக்கை இருக்கிறது. பெயர் இருப்பது துரைமாருக்கும் அதிகாரிகளுக்கும். தொழிலாளி, எண்ணாக மட்டுமே வருகிறார்.

மற்றொரு தடையும் உண்டு. தோட்டங்கள் அங்கே குழுமத்தின் ஆங்கிலப் பெயரால் அடுக்கப்பட்டுள்ளன. நம்மவரோ தம் தோட்டங்களுக்குத் தாமே பெயர் வைத்துக்கொண்டனர். பழைய துரையின் பெயர், ஓடையின் பெயர், நிறைக்கோடியில் நின்ற மரத்தின் பெயர். என் பாட்டி தம் தோட்டத்தை ஒருநாளும் அதன் ஆங்கிலப் பெயரால் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் சொன்ன பெயரை வைத்துக்கொண்டு இலண்டன் பட்டியலில் தேடினேன், கிடைக்கவில்லை. எந்தத் தமிழ்ப் பெயர் எந்த ஆங்கிலப் பெயருக்கு உரியது என்பதை அறிந்தவர்கள் எழுபது, எண்பது வயதினர். அவர்கள் பெடாசிலும் ரெம்பாவிலும் சிரம்பானிலும் பிள்ளைகள் வீட்டில் இருக்கின்றனர்.

ஆதலால் உங்களுள் எவரேனும் இலண்டன் செல்வதாயின், புறப்படுமுன் அவர்களில் ஒருவர் வீட்டிற்குச் செல்லுங்கள். தோட்டத்தின் இரு பெயர்களையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பழைய சம்பளச் சீட்டோ, பிறப்புச் சான்றிதழோ இருந்தால் அதில் அச்சாகியுள்ள தோட்டப் பெயரை எழுத்துப் பிசகாமல் படியெடுங்கள். பிரட்டுக்கு நின்றவர்களின் பெயர்கள் நினைவிருக்கும் வரை அவற்றையும். காப்பகம் திறந்திருக்கும் நாள்களை முன்னரே கேட்டறிந்து, அதற்கென ஒரு பகல் ஒதுக்குங்கள். கோகினூரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.