ஜாலஹள்ளியில் உருவான இரு கருவிகள்

வன்பொருள் வடிவமைப்பில் கைதேர்ந்தவர்கள் நல்ல மென்பொருள் இடைமுகத்தையும் உருவாக்க வல்லவர்களா? தொழில்நுட்ப வரலாற்று வகுப்புகளில் இக்கேள்வி எழும்போதெல்லாம் விவாதம் உடனே கலிபோர்னியாவுக்குச் சென்றுவிடுகிறது. பெங்களூரிலேயே இதற்குத் தக்க சான்று உண்டு. ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தயாரித்தது. 2004இல் சிம்ப்யூட்டரையும் தயாரித்தது. எழுத்தறியாதவரும் இயக்க வேண்டும் என்பதே இரண்டின் நோக்கமும். முன்னதை நாடே பயன்படுத்துகிறது. பின்னது சில ஆயிரம் கருவிகளோடு நின்றுபோயிற்று.

வாக்குப்பதிவு இயந்திரம் என்றதும் தமிழ் வாசகருக்கு எழுத்தாளர் சுஜாதா நினைவுக்கு வருவார். பொறியாளர் எஸ். ரங்கராஜனாக அந்நிறுவனத்தில் இவ்வியந்திர உருவாக்கத்தில் அவர் ஆற்றிய பங்கு பெரிது. ஆனால் அவர் ஒருவரே அதைக் கண்டுபிடித்தார் என்று ஆண்டுதோறும் பகிரப்படும் பதிவுகள் வரலாற்றைச் சுருக்கிவிடுகின்றன. ஹைதராபாத்தின் எலக்ட்ரானிக்ஸ் கார்ப்பரேஷன், தேர்தல் ஆணையம், புற வடிவமைப்பில் பங்கேற்ற மும்பை ஐஐடியின் தொழில்வடிவமைப்பு மையம் ஆகியவையும் அதில் கைகோத்தன.

வாக்காளர் காணும் பகுதியில் புதிதாக எதுவும் இல்லை என்பதே அதன் சிறப்பு. 1952, 1957 தேர்தல்களில் ஒவ்வொரு வேட்பாளருக்கும் சின்னம் ஒட்டிய தனிப் பெட்டி இருந்தது. 1962 முதல் ஒரே வாக்குச்சீட்டில் சின்னத்துக்கு எதிரே முத்திரை குத்தும் முறை பரவலாயிற்று. வரிசை எண், பெயர், சின்னம் என்ற அந்த அமைப்பை இயந்திரம் அப்படியே ஏற்று, முத்திரை விழும் இடத்தில் நீலப் பொத்தானை வைத்தது. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரிகிறது, ஒலி கேட்கிறது. ஒருவர் எத்தனை முறை அழுத்தினாலும் ஒரு வாக்கே பதிவாகும். முத்திரை கோட்டின்மேல் விழுந்து செல்லாது போகும் சிக்கலும் அதனோடு நீங்கியது.

நான் அதிகம் வியப்பது கட்டுப்பாட்டு அலகை. தேர்தல் நாளின் ஒழுங்கு முழுவதும் அதன் மூடிகளில் அடங்கியிருக்கிறது. வாக்களிக்க அனுமதிக்கும் பொத்தான் வெளியே இருக்கிறது. வாக்குப்பதிவை முடிக்கும் பொத்தான் தனி மூடியின் கீழும், முடிவைக் காட்டும் பொத்தான் முகவர்கள் கையொப்பமிட்ட காகித முத்திரையின் பின்னும் உள்ளன. முத்திரையைக் கிழிக்காமல் முடிவை அறிய இயலாது. வாக்குப்பதிவை முடித்து, முடிவையும் பார்த்த பிறகன்றி அழிக்கும் பொத்தான் வேலை செய்யாது. மென்பொருளார் திரையில் எச்சரிக்கை வாசகமாக எழுதக்கூடியதை இங்கே காகிதமும் அரக்கும் சொல்கின்றன. இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதை அறையின் மறுகோடியில் இருக்கும் முகவரும் கண்ணால் அறியலாம். இது வன்பொருளார் மனத்தில் பிறந்த இடைமுகம். மிகச் சிறந்த இடைமுகமும்கூட.

இதன் எல்லையையும் கூற வேண்டும். 1982 மே 19 அன்று கேரளத்தின் பரவூரில் 50 வாக்குச்சாவடிகளில் முதன்முதலாகப் பயன்பட்டபோது இயந்திரத்துக்குச் சட்ட அடிப்படை இருக்கவில்லை; 1984இல் உச்ச நீதிமன்றம் அப்பயன்பாட்டை ஏற்க மறுத்தது. சட்டம் திருத்தப்பட்ட பின்னரும் ஐயம் ஓயவில்லை. சிவப்பு விளக்கு வாக்காளருக்குத் தருவது இயந்திரத்தின் வாக்குமூலம் மட்டுமே. 2010இல் ஆய்வாளர் சிலர் முடிவு காட்டும் பலகையையே மாற்றிப் பொய் எண்ணிக்கை காட்ட முடியும் என்று செய்துகாட்டினர். 2013இல் உச்ச நீதிமன்றம் காகிதச் சான்றை வலியுறுத்தியது. சீட்டு 7 வினாடிகள் கண்ணாடிக்குப் பின் தெரியும் ஏற்பாடு வந்தது. பயன்படுத்த எளிதாக இருப்பதும் நம்பத்தக்கதாக இருப்பதும் வெவ்வேறு கேள்விகள்.

சிம்ப்யூட்டரின் நிலை வேறு. இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோர் என்கோர் நிறுவனத்துடன் இணைந்து இதை உருவாக்கினர். 2001இல் முன்மாதிரி வெளியாயிற்று. தொடுதிரை, இந்திய மொழிகளில் பேசும் மென்பொருள், ஸ்மார்ட் அட்டைச் செருகி ஆகியவை அதில் இருந்தன. ஊரே ஒரு கருவியைப் பகிர்ந்துகொள்ள, ஒவ்வொருவரும் தம் அட்டையைச் செருகித் தமக்குரியதாக்கிக்கொள்ளலாம். வறுமையை உணர்ந்தவர்களின் சிந்தனை இது. 2004இல் வந்த அமிடா வகையில் கருவியைச் சாய்த்தாலே உணரும் அசைவுணரியும் இருந்தது. ஐபோன் வெளியானது 2007இல்தான்.

எனவே சிம்ப்யூட்டரை வடிவமைத்தவர்களின் திறமைக் குறைவே அதன் தோல்விக்குக் காரணம் என்னும் வாதத்தை நான் ஏற்கவில்லை. வாக்குப்பதிவு இயந்திரத்துக்கு ஒரே வேலை. அந்த வேலையைப் பல தேர்தல்கள் முன்பே செதுக்கி வைத்திருந்தன. தவறு நேர்ந்தால் பொறுப்பேற்க ஓர் ஆணையம் இருந்தது. சிம்ப்யூட்டரின் திரையோ வெற்றுத் திரை. பயிர் விலை, கடன், மருத்துவக் குறிப்பு என எதைக் காட்டுவதாயினும் அதை நாள்தோறும் தர ஓர் அலுவலகமோ வங்கியோ வேண்டும். அந்த வரிசையை எந்த மூடியிலும் முத்திரையிலும் அடக்க முடியாது.

அதே ஆண்டுகளில் கர்நாடக அரசு 'பூமி' திட்டத்தின்கீழ் நில ஆவணங்களைக் கணினிமயமாக்கியது. விவசாயியின் கையில் எந்தக் கருவியும் தரப்படவில்லை. அவர் தாலுகா அலுவலகத்துக்குச் சென்று, 15 ரூபாய் செலுத்தி, அலுவலரிடம் விவரம் சொல்லிப் பஹணியை அச்சில் பெற்றார். அலுவலர் தட்டச்சு செய்வது அவருக்கும் தெரியும்படி இரண்டாவது திரை ஒன்று வெளிப்புறம் பார்த்து வைக்கப்பட்டிருந்தது.