முடிவதற்கு முன்பே கைக்கு வந்த கருவிகள்

1987 ஆகஸ்டில் பசிபிக் பெருங்கடலின் போரா போரா தீவில் ஜான் நால் ஒரு படம் எடுத்தார். மணலில் கடலைப் பார்த்து அமர்ந்திருக்கும் பெண்ணின் முதுகு, நீலத் தண்ணீர், தொலைவில் ஒரு குன்றுத் தீவு. பிற்பாடு அந்தப் படத்தின் அச்சுப் பிரதியை ஆப்பிள் நிறுவன ஆய்வுக்கூடத்து ஸ்கேனரில் வைத்துக் கணினிக் கோப்பாக்கினார். வண்ணப் படம் ஒன்று கோப்பாகக் கையில் இருப்பதே அரிதாக இருந்த காலம் அது. அண்ணன் தாமஸ் நால் எழுதிக்கொண்டிருந்த மென்பொருளை வெளியிட நிறுவனம் தேடிப் புறப்பட்ட ஜான், போன இடங்களில் எல்லாம் இந்தப் படத்தைத்தான் திறந்து காட்டினார். பெண்ணை இருவராக்குவார், தீவுக்குப் பக்கத்தில் இன்னொரு தீவை எழுப்புவார். ‘ஜெனிஃபர் இன் பாரடைஸ்’ என்று பெயர் பெற்ற அந்தப் படம்தான் பின்னாளில் ஃபோட்டோஷாப் ஆன மென்பொருளில் பலர் முன்னிலையில் திருத்தப்பட்ட முதல் வண்ணப் படம்.

அப்போது அது ஃபோட்டோஷாப்பாக முழு உருவம் பெற்றிருக்கவில்லை. வரைகலை மென்பொருள்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்த ஆண்டில் எந்த வசதி வந்தது என்று அடுக்குவது வழக்கம். அதைவிடச் சுவையான வரலாறு ஒன்று உண்டு: வேலை முடியாத பதிப்பை யார் கையில் எடுத்துப் பார்த்தார்கள், அவர்கள் சொன்னது யார் காதில் விழுந்தது என்பது. இந்தக் கருவிகளின் இன்றைய உருவத்தில் பாதி அந்தக் கைகள் கொடுத்தது.

நால் சகோதரர்களின் தந்தை கிளென் நால், மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் அணுப் பொறியியல் பேராசிரியர். ஆன் ஆர்பர் நகரத்தில் அவர் வீட்டு அடித்தளத்தில் ஒரு இருட்டறை இருந்தது. வெளிச்சத்தைக் கூட்டுவது, குறைப்பது, நிறத்தைச் சமன் செய்வது எல்லாவற்றையும் தாமஸ் அங்கே ரசாயனத் தட்டுகளில் கற்றார். அதே பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வில் இருந்தபோது, தன் மேக் பிளஸ் கணினியின் கறுப்பு-வெள்ளைத் திரையில் சாம்பல் நிறச் சாயல்களைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். அதற்கு ‘டிஸ்ப்ளே’ என்று பெயர் வைத்தார். ‘ஸ்டார் வார்ஸ்’ படங்களுக்குக் காட்சி மாயங்கள் செய்த இண்டஸ்டிரியல் லைட் அண்ட் மேஜிக் நிறுவனத்தில் வேலை பார்த்த ஜானுக்கு அது உடனே பிடித்துப்போனது. இதைச் சேர், அதைச் சேர் என்று அண்ணனை விடாமல் கேட்டார். அந்த மென்பொருளின் முதல் சோதனையாளர் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் ஜானைத்தான் சொல்ல வேண்டும்.

முதல் வாடிக்கையாளர்கள் ஸ்கேனர் வாங்கியவர்கள். பார்னிஸ்கேன் என்ற நிறுவனம் தன் ஸ்லைடு ஸ்கேனரோடு இந்த மென்பொருளின் 0.87ஆம் பதிப்பைச் சேர்த்துக் கொடுத்தது. ஏறத்தாழ 200 பிரதிகள் அப்படி வெளியே போயின. ஒன்றை எட்டாத எண்ணோடு, வேறொரு பெயரில், ஒரு இயந்திரத்தின் துணைப் பொருளாகத்தான் அது உலகத்தைப் பார்த்தது. 1988இல் ஜான் அதை அடோபி நிறுவனத்தில் காட்டினார். அங்கே கலை இயக்குநராக இருந்த ரஸல் பிரவுன் முதல் பார்வையிலேயே மயங்கினார். உரிமம் பேசி முடிந்து, மேலும் வேலை நடந்து, 1990 பிப்ரவரியில் ஃபோட்டோஷாப் 1.0 மேக் கணினிகளுக்கு மட்டும் வெளிவந்தது.

அந்த முதல் பதிப்பின் மூல நிரலை (1.0.1) கலிபோர்னியாவின் கணினி வரலாற்று அருங்காட்சியகம் 2013இல் பொதுப் பார்வைக்கு வைத்தது. 179 கோப்புகள், சுமார் 1,28,000 வரிகள், முக்கால் பங்கு பாஸ்கல் மொழி. அதில் பெரும்பகுதி தாமஸ் என்ற ஒற்றை மனிதரின் எழுத்து. ஜான் எழுதிய விளைவு வடிகட்டிகள் தனித்துண்டாக, பிளக்-இன் ஆக இணைக்கப்பட்டன. படத்தைக் குழப்பி விளையாடும் அவையெல்லாம் தொழில்முறைக் கருவிக்குப் பொருந்துமா என்று அடோபியில் சிலர் தயங்கியிருக்கிறார்கள். அந்தத் தயக்கம் நன்மையில் முடிந்தது. மற்றவர்களும் பிளக்-இன் எழுதிச் சேர்க்க வழி பிறந்து, அதை நம்பியே சிறு நிறுவனங்கள் பல தோன்றின.

அடுத்த பத்தாண்டில் சோதனை வேலை மூடிய கதவுக்குப் பின்னால் நடந்தது. தேர்ந்தெடுத்த வடிவமைப்பாளர்களுக்கும் புகைப்படக்காரர்களுக்கும் ரகசிய ஒப்பந்தத்தின் பேரில் முன்பதிப்புகள் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு செல்லப் பெயர் இருந்தது. 3.0க்கு ‘டைகர் மவுண்டன்’, 4.0க்கு ‘பிக் எலெக்ட்ரிக் கேட்’, 5.0க்கு ‘ஸ்டிரேஞ்ச் கார்கோ’, 7.0க்கு ‘லிக்விட் ஸ்கை’. பெரும்பாலும் இசைத் தொகுப்புகளிலிருந்தும் பாடல்களிலிருந்தும் எடுத்த பெயர்கள்.

1994இல் 3.0 லேயர்களைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பு ஒரு படத்தின் மேல் இன்னொன்றை ஒட்டி, தேர்வை விட்டுவிட்டால் கதை முடிந்தது, இரண்டும் ஒன்றாகிவிடும். செய்ததைத் திரும்பப் பெறுவதும் ஒரே ஒரு அடிதான். பல அடிகள் பின்னால் போகும் ஹிஸ்டரி வசதி 1998இல், 5.0இல்தான் வந்தது. எட்டு ஆண்டுகள் உலகத்தின் படத் திருத்தக்காரர்கள் ஒற்றை ‘அன்டூ’வை நம்பி வேலை செய்தார்கள் என்பதை இன்றைய தலைமுறையிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள்.

கதவே இல்லாத இன்னொரு பட்டறை அதே காலத்தில் திறந்திருந்தது. கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும் 1995இல் கிம்ப் என்ற மென்பொருளைத் தொடங்கினார்கள். 1996 தொடக்கத்தில் அதன் 0.54ஆம் பதிப்பை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டார்கள். அதில் லேயர் கிடையாது. மோட்டிஃப் என்ற கட்டண நூலகத்தை வேறு அது சார்ந்திருந்தது. ஆனாலும் லாரி யூயிங் என்ற மாணவர் அந்த 0.54ஐ வைத்துத்தான் லினக்ஸின் சின்னமான பென்குயினை, டக்ஸை, வரைந்தார். இன்று உலகமெங்கும் தெரிந்த அந்தக் குண்டுப் பறவை அரைகுறைப் பதிப்பு ஒன்றின் பிள்ளை. மோட்டிஃபின் தொல்லை தாங்காமல் மேட்டிஸ் பொத்தான்களுக்கும் சாளரங்களுக்கும் சொந்தமாக ஒரு நூலகம் எழுதினார். ஜிடிகே என்ற அதன் மேல்தான் பிற்பாடு க்னோம் என்ற முழு மேசைத்தளமே கட்டப்பட்டது. கிம்ப் 1.0 வெளிவந்தது 1998இல்.

தமிழ்நாட்டில் இந்தக் கதை வேறு வழியில் நடந்தது. இங்கே ஸ்டுடியோக்களில் நெகட்டிவின் மேல் பென்சிலால் டச்சிங் செய்து முகத்தின் தழும்பை மறைப்பது கைத்தொழிலாகவே இருந்தது. 2002இல் வந்த ஃபோட்டோஷாப் 7.0இன் ஹீலிங் பிரஷ் அதே வேலையைச் சுட்டியின் நுனிக்குக் கொண்டுவந்தது. அருகிலுள்ள தோலின் தன்மையை எடுத்து, வெளிச்சத்துக்கு ஏற்பக் கலந்து, பருவையும் வடுவையும் அழிக்கும். கல்யாண ஆல்பம் செய்கிறவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? நெகட்டிவ் போய் டிஜிட்டல் கேமரா வந்ததும், கையால் வரைந்த பேனர் போய் பிளெக்ஸ் வந்ததும் ஏறக்குறைய இதே ஆண்டுகளில்தான். ஸ்டுடியோவிலும் டிடிபி சென்டரிலும் பிளெக்ஸ் கடையிலும் ‘செவன் பாயிண்ட் ஓ’ குடியேறியது. அடுத்தடுத்த பதிப்புகள் வந்து போயும் பல கடைகளில் அது நகரவில்லை.

காரணங்கள் தெளிவானவை. 2003இல் வந்த அடுத்த பதிப்பான சிஎஸ், விண்டோஸில் நிறுவனத்தோடு தொடர்புகொண்டு உரிமத்தை உறுதி செய்யச் சொன்னது, 7.0 அப்படிக் கேட்கவில்லை. விலை கொடுக்காத பிரதிகள் கைமாறிக்கொண்டே போயின என்பதை மறைப்பதற்கில்லை. நினைவகம் குறைந்த கணினியிலும் அது ஓடியது. பிஎஸ்டி கோப்புகளாகப் பின்னணிகளும், ஆல்பம் வேலையைத் தானே செய்யும் ஆக்‌ஷன்களும் அதற்கென்றே குறுந்தகடுகளில் கிடைத்தன. எல்லாவற்றுக்கும் மேலாக எழுத்துரு.

அன்றைய தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்தவை. ‘கொ’ வேண்டுமென்றால் கொம்பு, க, கால் என்று மூன்றையும் வரிசையாகத் தட்டவேண்டும். மென்பொருளுக்குத் தமிழ் தெரிந்திருக்கத் தேவையில்லை, 7.0 போதும். எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடில் கணக்கு மாறியது. க முதலில், உயிர்க்குறி பின்னால். அதைப் பார்த்துக் கொம்பை முன்னால் நகர்த்திக் காட்டும் வேலை மென்பொருளுடையது. ஃபோட்டோஷாப்புக்கு அது நீண்ட காலம் தெரியவில்லை. யூனிகோடில் தட்டிய பெயரை ஒட்டினால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றது. யூனிகோடைப் பாமினிக்கோ வேறு பழைய எழுத்துருவுக்கோ மாற்றும் செயலிகள் அழைப்பிதழ் அடிக்கிறவர்களின் அன்றாடத் துணை ஆயின. புதுப் பதிப்பு வந்ததும் வேறு எதையும் பார்க்காமல் ஒரு ‘கொ’வைத் தட்டிப் பார்த்தால் போதும், அது நமக்கானதா இல்லையா என்று தெரிந்துவிடும். 2012இல் இன்டிசைன் சிஎஸ்6 இந்திய எழுத்துகளை அடுக்கும் திறனோடு வந்தது. அதற்குச் சில ஆண்டுகள் கழித்தே ஃபோட்டோஷாப்பில் தெற்காசிய எழுத்துகளுக்கான தேர்வு சேர்ந்தது. இலவசமான கிம்ப், பாங்கோ என்ற எழுத்து அடுக்கும் நூலகத்தைப் பயன்படுத்தியதால் இதில் பல ஆண்டுகள் முந்திவிட்டது. மூடிய சோதனை அறைக்குள் தமிழ் தட்டும் விரல்கள் முன்பே இருந்திருந்தால் அந்தத் தாமதம் குறைந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

அறைக் கதவு 2006இல் திறந்தது. முந்தைய ஆண்டின் இறுதியில் ஆப்பிள் புகைப்படக்காரர்களுக்கென்று அபெர்ச்சர் என்ற மென்பொருளை விற்பனைக்கு விட்டிருந்தது. அடோபியில் மார்க் ஹாம்பர்க் தலைமையில் ‘ஷேடோலேண்ட்’ என்ற செல்லப் பெயரோடு உருவாகிவந்த மென்பொருள் இன்னும் முடிந்திருக்கவில்லை. போட்டியாளர் சந்தைக்கு வந்துவிட்ட நிலையில், ஜனவரி 9 அன்று அதை லைட்ரூம் பீட்டா, அதாவது சோதனைப் பதிப்பு, என்று யாரும் இலவசமாக எடுத்துப் பார்க்கும்படி வைத்தார்கள். ஆயிரக்கணக்கான படங்களை வரிசைப்படுத்திப் பார்ப்பது, மூலப்படத்தைத் தொடாமல் திருத்துவது என்று அதன் போக்கே புதிது. அந்தக் கோடையில் புகைப்படக்காரர் மிக்கெல் ஆலண்ட் ஒரு புகைப்படக் குழுவை ஐஸ்லாந்துக்கு அழைத்துப் போனார். இரவு இருட்டாத அந்த நாட்டில் பகலும் இரவும் படம் எடுத்து, பீட்டாவிலேயே திருத்தினார்கள். மென்பொருள் எழுதுகிறவர்கள் சிலரும் கூடவே இருந்து பார்த்தார்கள். ஓராண்டுக்கு மேலான இந்தத் திறந்த சோதனைக்குப் பிறகு 2007இல் லைட்ரூம் 1.0 வந்தது. அபெர்ச்சரை ஆப்பிள் 2014இல் கைவிட்டது. வெற்றிக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் விலை கொடுக்கும் முன்பே ஒரு ஆண்டு கையில் வைத்துப் பழகியவர்கள் வேறு கடைக்குப் போவது கடினம்.

அதே 2006 டிசம்பரில் ஃபோட்டோஷாப் சிஎஸ்3இன் பீட்டாவும் வெளிவந்தது. ஆப்பிள் இன்டெல் சில்லுகளுக்கு மாறியிருந்தது. பழைய சிஎஸ்2 அந்தக் கணினிகளில் மொழிபெயர்ப்பு அடுக்கின் வழியாக மெதுவாக ஓடிக்கொண்டிருந்தது. காத்திருந்தவர்களுக்கு அந்தப் பீட்டா சோதனைப் பொருளாக இல்லை, அன்றாட வேலைக் கருவியாகவே ஆனது.

2013இல் அடோபி சந்தா முறைக்கு மாறியபின் புதுப் பதிப்பு என்பது பெட்டியில் வரும் திருவிழாவாக இல்லாமல் போனது. மாற்றங்கள் ஒரு காலை நேரத்துப் புதுப்பிப்பில் வந்து இறங்கின. 2015 அக்டோபரில் லைட்ரூமின் படம் இறக்கும் திரையை எளிமையாக்குகிறோம் என்று பழகிய வசதிகள் சிலவற்றை எடுத்துவிட்டார்கள். புகைப்படக்காரர்கள் கொதித்தார்கள். நிறுவனம் சில நாட்களில் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டு, அடுத்த மாதமே பழைய திரையைத் திரும்பக் கொடுத்தது. 2018இல் ஃபோட்டோஷாப்பில் உருவத்தை விகிதம் மாறாமல் பெரிதாக்க ஷிஃப்ட் விசையை அழுத்தும் வழக்கத்தைத் தலைகீழாக்கினார்கள். இருபது, இருபத்தைந்து ஆண்டுகள் பழகிய விரலுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பழைய முறைக்குத் திரும்பும் வழியையும் கொடுக்க வேண்டியதாயிற்று.

இதற்கிடையே இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் இருந்த செரிஃப் நிறுவனம் 2015இல் தன் அஃபினிட்டி ஃபோட்டோவை முதலில் இலவசப் பீட்டாவாகவே மக்களிடம் விட்டது. சந்தா பிடிக்காத பலர் ஒருமுறை விலை கொடுத்தால் போதும் என்ற அந்தக் கருவிக்கு வந்தார்கள்.

2023 மே மாதம் ஃபோட்டோஷாப்பின் பீட்டா செயலியில் ஜெனரேட்டிவ் ஃபில் வந்தது. படத்தில் ஓரிடத்தைத் தேர்ந்து, வேண்டியதைச் சொற்களில் எழுதினால் அது வரைந்து நிரப்பும். இதில் செய்ததைத் தொழில் வேலைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தக் காலத்தில் நிபந்தனை இருந்தது. செப்டம்பரில் பொதுப் பதிப்பில் சேர்ந்தபோது அது நீங்கியது. முன்பெல்லாம் சோதனையாளர் பார்த்துச் சொன்னது நிரல் உடைகிறதா, பொத்தான் சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை. இப்போது வரைந்து தரும் ஒவ்வொரு மாதிரியையும் நன்று, நன்றல்ல என்று மதிப்பிடும்படி பயனாளரைக் கேட்கிறார்கள்.

அதனால்தான் அடோபியின் பயன்பாட்டு விதிகளில் ஒரு மாற்றம் பற்றி 2024 ஜூனில் வந்த அறிவிப்பு அத்தனை பேரை உலுக்கியது. தங்கள் படங்களை வைத்து இயந்திரத்துக்குப் பாடம் நடத்துவார்களோ என்று வடிவமைப்பாளர்கள் அஞ்சினார்கள். வாடிக்கையாளர் கோப்புகளைக் கொண்டு, ஜெனரேட்டிவ் ஃபில்லுக்குப் பின்னால் இருக்கும் ஃபயர்ஃபிளை என்ற செயற்கை நுண்ணறிவைப் பயிற்றுவிப்பதில்லை என்று நிறுவனம் விளக்கம் சொல்லி, விதிகளின் சொற்களையும் திருத்தி எழுதியது. மென்பொருளில் பிழை கண்டு சொல்லிவந்த அதே கூட்டம் இந்த முறை ஒப்பந்த வாசகத்தில் பிழை கண்டு சொன்னது. அதுவும் திருத்தப்பட்டது.