பேச்சே மருந்தான கதை

காய்ச்சலுக்கு மாத்திரை உண்டு. கால் முறிந்தால் கட்டுப் போடுகிறார்கள். மனம் முறிந்தால்? "நாலு வார்த்தை ஆறுதலாகப் பேசினால் தேறிவிடும்" என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். இது வெறும் உபசார வார்த்தைதானா, அல்லது பேச்சு உண்மையிலேயே மருந்தாகுமா? இதற்கு விடை காண மருத்துவ உலகம் நூறு ஆண்டுகளுக்கு மேல் பாடுபட்டிருக்கிறது.

ஆரணி, சேத்துப்பட்டு வட்டாரத்துப் பட்டு நெசவாளர் ஒருவரை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். பல வாரங்களாக அவருக்குச் சரியான தூக்கமில்லை. பசியில்லை. எதிலும் நாட்டமில்லை. தறியில் போய் உட்காரக் கால் எழவில்லை. ஆனால் மருத்துவரிடம் அவர் "மனம் சரியில்லை" என்று சொல்வதில்லை. "கை கால் குடைச்சல்" என்று சொல்லி, சத்து ஊசி போட்டுக்கொண்டு திரும்புகிறார். உடலைச் சோதித்தும் வேறு காரணம் அகப்படாவிட்டால், இது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். இதுவும் அளவு மீறிய பதற்றமுமே மனநோய்களில் மிகச் சாதாரணமானவை. "பைத்தியம்" என்றதும் நாம் கற்பனை செய்யும் தோற்றம் இவற்றுக்குக் கிடையாது. அதனாலேயே இவை பிறர் கண்ணில் படுவதில்லை. 2015-16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, இவ்வகை நோயுள்ள இந்தியர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் எந்தச் சிகிச்சையும் பெறுவதில்லை.

கதை வியன்னா நகரில் தொடங்குகிறது. 1880-82இல் ஜோசப் பிராயர் என்ற மருத்துவரிடம் ஓர் இளம்பெண் சிகிச்சை பெற்றாள். மனத்தில் உள்ளதைச் சொல்லச் சொல்லத் தன் தொல்லைகள் தணிவதாக உணர்ந்த அவளே அதற்குப் 'பேச்சு வைத்தியம்' என்று பெயரிட்டாள். பெயர் வைத்தவர் மருத்துவரல்லர், நோயாளி என்பதைக் கவனியுங்கள்! (அவள் அத்துடன் முழுவதும் குணமாகிவிடவில்லை என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கண்டனர்.) பிராயரின் நண்பர் சிக்மண்ட் பிராய்டு, அடக்கி வைத்த ஆசைகள் நனவிலி மனத்தில் கிடந்து நோயாக வெளிப்படுகின்றன என்று விளக்கினார். நம் நாட்டில் 1922இல் கல்கத்தாவில் கிரீந்திரசேகர போஸ் உளப்பகுப்புச் சங்கம் ஒன்றை நிறுவினார். இவர் பிராய்டைக் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றியவரல்லர். இந்திய நோயாளிகளிடம் தாம் காண்பது வேறுவிதமாக இருக்கிறது என்று பிராய்டுக்கே கடிதம் எழுதினார்.

உளப்பகுப்புக்கு ஆண்டுக்கணக்கில் நேரமும் பணமும் வேண்டும். சிலர் வேறு வழி தேடினர். 1924இல் அமெரிக்காவில் மேரி கவர் ஜோன்ஸ் என்ற பெண்மணி, முயலைக் கண்டால் நடுங்கும் பீட்டர் என்ற சிறுவனுக்குப் பிடித்த உணவைக் கொடுத்து, அவன் உண்ணும்போது முயலைச் சிறிது சிறிதாக அருகில் கொண்டுவந்தார். கடைசியில் சிறுவன் முயலைத் தொட்டு விளையாடினான். அச்சம் கற்றுக்கொண்டதானால் அதை மறக்கவும் கற்கலாம் என்பது தெரிந்தது. நடத்தைச் சிகிச்சையின் வித்து இதுவே.

அடுத்த திருப்பம் சுவையானது. அமெரிக்க மருத்துவர் ஆரன் பெக் முதலில் பிராய்டு வழியில் நின்றவர். சோர்வு என்பது தன் மீதே திரும்பிய கோபம் என்ற கொள்கையை மெய்ப்பிக்க, நோயாளிகளின் கனவுகளை ஆராய்ந்தார். அங்கே கோபத்தைக் காணோம்! தோல்வியும் இழப்புமே நிறைந்திருந்தன. நோயாளி தன்னையும் உலகையும் எதிர்காலத்தையும் இருட்டாகவே எண்ணுகிறார், அந்த எண்ணமே சோர்வை வளர்க்கிறது என்ற முடிவுக்கு 1960களில் அவர் வந்தார். நம் நெசவாளர், பாவில் ஓர் இழை அறுந்ததும் "நான் எதற்கும் லாயக்கில்லை" என்கிறார் அல்லவா? பெக் அவரிடம் வாதாட மாட்டார். "சென்ற ஆண்டு எத்தனை சேலை நெய்தீர்கள்?" என்று கேட்டுக் கணக்குப் பார்க்கச் சொல்வார். பதற்றத்துக்கும் இப்படியே. நெஞ்சு படபடத்ததும் "மாரடைப்பு" என்று நினைக்கிறோம். அந்தப் பயத்தால் படபடப்பு இன்னும் கூடுகிறது. கூடியதைக் கண்டு பயம் வளர்கிறது. செக்குமாடு போல இப்படியே சுற்றி வருகிறது. எண்ணத்தை மாற்றினால் சுற்று அறுபடும்.

இவ்வளவும் சரி, இதைச் செய்ய ஆள் எங்கே? சேத்துப்பட்டிலிருந்து ஆரணி வழியாக வடக்கே போனால் வேலூர் வரும். அங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரி, 1957இல் பாகாயத்தில் மனநல மையம் ஒன்றைத் திறந்தது. நோயாளியைச் சுவருக்குள் அடைத்துவிட்டு உறவினர் ஊர் திரும்பும் வழக்கம் இங்கே இல்லை. குடும்பத்தார் உடன் தங்கி, நோயைப் பற்றித் தெரிந்துகொண்டு, சிகிச்சையில் பங்கேற்றனர். அதே 1950களில் அமிர்தசரஸில் மருத்துவர் வித்யாசாகர், மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் அடித்துக் குடும்பங்களைத் தங்க வைத்தார். ஆள் பற்றாக்குறையால் பிறந்த ஏற்பாடு அது. பற்றாக்குறை சில சமயம் நல்ல ஆசிரியர்! இங்கெல்லாம் வந்தவர்களில் கடும் நோயாளிகள் உண்டு. என்றாலும், சிகிச்சை மருத்துவரின் கையில் மட்டும் இருக்க வேண்டியதில்லை என்பது அங்கே விளங்கிற்று.

இதை எண்ணிக்கையால் சோதித்தது கோவா. விக்ரம் படேல் குழுவினர் அங்கே ஆரம்பச் சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகள் 495 பேரை எடுத்துக்கொண்டனர். பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவம், சற்று மேம்படுத்திக் கொடுக்கப்பட்டது. மறு பாதிக்கு அதோடு ஆறு முதல் எட்டு முறை பேச்சுச் சிகிச்சையும் கிடைத்தது. பேசியவர்கள் மருத்துவர்களல்லர், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள். அவர்கள் கையாண்ட முறை எளியது. மனம் தெளிந்த பிறகு வேலை செய்யலாம் என்று காத்திராமல், சிறு வேலையை முதலில் செய்வது. நாளைக் காலை கால் மணி நேரம் தார் சுற்றுவது, மாலையில் கடைத்தெரு வரை நடந்து நண்பரைப் பார்ப்பது என்பது போன்றவை. கடன், குடும்பச் சிக்கல் போன்றவற்றுக்கும் படிப்படியாக வழி தேடினர். மூன்று மாதத்தில், பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 64 பேர் நோய் நீங்கியிருந்தனர். மற்றவர்களில் 39 பேர். முடிவுகள் 'லான்செட்' மருத்துவ ஏட்டில் வெளிவந்தன.

பேச்சு கூலியை உயர்த்தாது, வட்டியைக் குறைக்காது. இதை மறைப்பது சரியன்று. நோய் கடுமையானால் மாத்திரையும் வேண்டும். சாகலாம் என்ற எண்ணம் வந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். 2022 அக்டோபர் 10 முதல் மைய அரசின் 'டெலி மானஸ்' தொலைபேசி உதவி நடந்து வருகிறது. எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.