சவானா ஆலையும் எட்டு மணி நேரமும்

1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா பஞ்சாலையில் வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களைப் பிரெஞ்சு ஆட்சி சுட்டது; 12 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை வீரக்கதையாகவே சொல்லிப் பழகிவிட்டோம். தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா பிரான்சுக்கே போய் வாதாடினார், 1937 ஏப்ரல் 6-இல் எட்டு மணி நேர வேலைக்கு ஆணை பிறந்தது, ஆசியாவிலேயே முதல் என்று சொல்லப்படும் பெருமையும் வந்து சேர்ந்தது. இதெல்லாம் சரிதான். ஆனால் கோரிக்கை என்னவென்று ஒரு கணம் பாருங்கள். விடியலில் ஊதும் சங்குக்கு ஓடி, நாளெல்லாம் பஞ்சுத் தூசை விழுங்கி, அறுந்த இழைகளை நின்றபடியே ஒட்டிக்கொண்டிருந்தவர்கள், இந்த உடம்பும் ஓய்வுக்கு உரியது என்றார்கள். பேரதிர்ச்சியிலிருந்து மீள்வோருக்குத் தம்மேல் பரிவு வேண்டும் என்று இன்றைய உளவியல் சொல்கிறதே, அது இங்கே சட்டமாகவே வந்தது என்பேன்.

பாரீசில் அடித்த காற்றுதானே இது என்று கேட்கலாம். லியோன் ப்ளும் தலைமையில் மக்கள் முன்னணி 1936-இல் ஆட்சிக்கு வராவிட்டால் ஆணை இவ்வளவு சீக்கிரம் வந்திருக்காது, மறுக்கவில்லை. எல்லை தாண்டினால் பிரிட்டிஷ் இந்தியா, அங்கே 1934-ஆம் ஆண்டுச் சட்டம் நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை வாங்க இடம் கொடுத்தது. ஆனாலும் சவானாவில் முதல் வேலைநிறுத்தம் 1935 பிப்ரவரியிலேயே நடந்துவிட்டது. ப்ளும் அப்போது எங்கே? இன்னொரு கேள்வி கடினமானது: கூட்டமாகக் கேட்ட உரிமையை மனத்துக்குள் நடக்கும் பரிவோடு முடிச்சுப் போடலாமா? உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தன்பரிவுக்குத் தந்த விளக்கத்தில், என் துயரம் எனக்கு மட்டும் வந்ததல்ல என்ற உணர்வும் ஓர் அங்கம். கழிவிரக்கம் ஆளைத் தனியே மூலையில் உட்கார வைக்கும். சங்கம் பக்கத்துத் தறிக்காரனின் வலியையும் காட்டித்தரும்.

ஆண்டுதோறும் ஜூலை 30-இல் அஞ்சலி செலுத்துவது ஆறிய புண்ணைக் கீறுவது என்போரும் உண்டு. எனக்கு உள்ள குறை வேறு. செத்தவர்களைத் தியாகிகளாக்கிய நாம், அன்று பயந்து ஓடியவர்களுக்கும், பிழைத்துவிட்டோமே என்று குமைந்தவர்களுக்கும் அந்த நாளில் இடம் வைக்கவில்லை. வீரம் மட்டுமே பேசும் இடத்தில், நானும் பயந்தேன் என்று எவன் வாய் திறப்பான்? சுதேசி மில்லாகப் பெயர் மாறிய அந்த ஆலையும் இப்போது ஓடவில்லை. அன்று பயந்து ஓடியவர்களைக் கேட்டு எழுதிவைக்க வேண்டிய காலத்தில் நாம் மாலைதான் போட்டுக்கொண்டிருந்தோம்.